ஒரு கார்டு, இரண்டு கடவுச்சீட்டுகள்: கூடைப்பந்தில் இரட்டைக் குடியுரிமை

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 2008 ஆகஸ்ட் மாதம் நடந்த பெண்கள் கூடைப்பந்து அரையிறுதியில் அமெரிக்காவும் ரஷ்யாவும் மோதின. ரஷ்ய அணிக்காகப் பந்தை நடத்திச் சென்ற கார்டு பெக்கி ஹாமன், அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் ராப்பிட் சிட்டி என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய முன்னோர் யாரும் ரஷ்யர் இல்லை. அவருக்கு ரஷ்ய மொழியும் சரளமாக வராது. சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்கு ரஷ்யக் குடியுரிமை கிடைத்திருந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் அந்த ஆட்டத்தை அவருடைய தேசப்பற்றுக்கு வைத்த சோதனையாகவே எழுதின. ஆனால் எதிரணியில் நின்ற அமெரிக்காவின் புகழ்பெற்ற கார்டு சூ பேர்டும் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்தான் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அவரிடம் அமெரிக்கக் குடியுரிமையோடு இஸ்ரேல் குடியுரிமையும் இருந்தது.

இரண்டு கடவுச்சீட்டு வைத்திருந்த ஒருவர் பிறந்த நாட்டுக்காக ஆடினார். இன்னொருவர் பிறந்த நாட்டுக்கு எதிராக ஆடினார். கூடைப்பந்தில் இரட்டைக் குடியுரிமை என்பதைப் புதிதாகப் புரிந்துகொள்ள விரும்புவோர் இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு வீராங்கனை எந்த நாட்டின் குடிமகள் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது. ஒரு கிளப் அணியில் அவர் உள்நாட்டவரா வெளிநாட்டவரா என்பதை அந்த லீகின் விதி தீர்மானிக்கிறது. எந்த நாட்டுச் சீருடையை அணியலாம் என்பதை ஃபிபா எனப்படும் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தீர்மானிக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் உணர்ச்சியிலேயே முடிந்துவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஹாமனின் ஆட்ட வாழ்வை முறையாகப் பின்தொடர்ந்தால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்.

அதற்கு முன் கார்டு என்பவர் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து பேர் ஆடும் கூடைப்பந்து அணியில் பொதுவாக இரண்டு பேர் கார்டுகள். பாயிண்ட் கார்டு பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணியின் பாதிக்குக் கொண்டுசென்று, யார் எங்கே ஓட வேண்டும் என்று சைகை காட்டி, ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பவர். ஷூட்டிங் கார்டு தொலைவிலிருந்து கூடையில் போடுவதில் தேர்ந்தவர். ஹாமன் இரண்டு வேலையும் செய்தார். எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 24 வினாடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற சர்வதேச விதிகளின் நெருக்கடியில், எதிரணியினர் மேலே விழுந்து தடுக்கும்போதும் பந்தை இழக்காத கார்டு இல்லாவிட்டால், எவ்வளவு உயரமான ஆட்டக்காரர்கள் கூடைக்கு அடியில் நின்றாலும் பந்து அவர்கள் கைக்குப் போய்ச் சேராது. உயரம் பிறவியில் வருவது. அது எந்த நாட்டிலும் பிறக்கும். நெருக்கடியில் பந்தைக் காக்கும் பழக்கமோ, வாரந்தோறும் கடுமையான போட்டியில் ஆடிப் பழகினால்தான் வரும். அந்தப் போட்டியை ஏராளமான இளைஞர்களுக்குத் தரும் களம் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. பல நாடுகள் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவரும்போது அமெரிக்கக் கல்லூரியில் ஆடிய கார்டைத் தேடுவதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

ஹாமன் 1995 முதல் 1999 வரை கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் விதிப்படி, ஒரு மாணவர் பொதுவாக நான்கு பருவங்கள் ஆடலாம். அந்தக் காலத்தில் ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது, படிப்பு உதவித்தொகை மட்டுமே உண்டு. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம்தான் என்பதால் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைப் போட்டி போட்டுக்கொண்டு அழைக்கவில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளில் அவர் 2,740 புள்ளிகள் எடுத்துப் பல்கலைக்கழகச் சாதனையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். தங்கள் கல்லூரி ஆடிய மேற்கு மாநில வட்டாரத்தில் ஆண்கள் பிரிவில் முன்னணியில் இருந்த யூட்டா பல்கலைக்கழகத்தின் கீத் வான் ஹார்னின் மொத்தப் புள்ளிகளையும் தாண்டினார். அவருடைய கடைசிப் பருவத்தில் அணி 33 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றது. தேசியப் போட்டியில் கடைசி 16 அணிகளுள் ஒன்றாக முன்னேறியது.

இத்தனைக்குப் பிறகும் 1999-இல் பெண்கள் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ. நடத்திய டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. டிராஃப்ட் என்பது புதிதாக வரும் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1998 டிசம்பரில், போட்டி லீகான ஏ.பி.எல். திவாலாகி மூடப்பட்டிருந்தது, அங்கே ஆடிக்கொண்டிருந்த அனுபவசாலிகள் கூட்டமாக இந்த டிராஃப்டுக்கு வந்துவிட்டார்கள். கல்லூரியிலிருந்து நேராக வந்தவர்களுக்கு மிஞ்சிய இடங்கள் மிகச் சில. ஹாமன் டிராஃப்டுக்கு வெளியே, 1999 மே மாதத்தில், நியூயார்க் லிபர்ட்டி அணியில் சேர்ந்தார். அந்த அணியின் தூணாக இருந்த தெரேசா வெதர்ஸ்பூனுக்கு மாற்று ஆட்டக்காரராகப் பல பருவங்கள் இருந்து, அவர் விலகிய பிறகே முதன்மைக் கார்டு ஆனார். இடையில் 2003-இல் முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். 2007 ஏப்ரலில் சான் அன்டோனியோ அணிக்கு மாற்றப்பட்டதும் ஆட்டம் உச்சத்தைத் தொட்டது: அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவின் லாரன் ஜாக்சனுக்கு அடுத்த இடத்தில் வந்தார்.

வாக்கெடுப்பில் இரண்டாவது வந்த அதே காலத்தில், பெய்ஜிங்குக்கான அமெரிக்கத் தேசிய அணியின் ஆரம்பப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சூ பேர்டு, டயானா டாராசி, கேட்டி ஸ்மித், கேப்பி பாண்டெக்ஸ்டர், காரா லாசன் என்று கார்டுகளுக்குப் பஞ்சமே இல்லாத அணி அது. அப்போது ஹாமனுக்கு வயது 31-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஒலிம்பிக்குக்குக் காத்திருப்பதில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது.

இங்கே சம்பளக் கணக்குக்கு வருவோம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கதையின் மற்ற பகுதி புரியாது. டபிள்யூ.என்.பி.ஏ. பருவம் கோடைகாலத்தோடு முடிந்துவிடும். அந்தக் காலத்தில் அங்கே மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குக்கூடப் பருவத்துக்கு ஒரு லட்சம் டாலருக்குக் குறைவாகவே சம்பளம் கிடைத்தது. குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கி போன்ற நாடுகளின் கிளப்புகள், பெரும் நிறுவனங்களும் செல்வந்தர்களும் கொடுத்த பணத்தில், அதைப்போலப் பல மடங்கு கொடுத்தன. ஆகவே அமெரிக்காவின் முன்னணி வீராங்கனைகள் ஆண்டு முழுவதும் ஓய்வின்றி இரண்டு கண்டங்களில் ஆடினார்கள். ஹாமனும் 2007-இல் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

ஆனால் ஐரோப்பிய லீகுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்நாட்டு இளைஞர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காக, ஓர் அணியில் இத்தனை வெளிநாட்டவர்தான் இருக்கலாம், இத்தனை அமெரிக்கர்தான் ஆடலாம் என்று வரம்பு வைத்திருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடிமக்களை இப்படி வரம்புக்குள் அடக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995-இல் கால்பந்து வீரர் போஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்தது; அது கூடைப்பந்துக்கும் பொருந்தியது. விளைவு எளிமையானது: திறமை சமமாக உள்ள இரண்டு அமெரிக்கக் கார்டுகளில், பாட்டனார் வழியாக ஓர் ஐரோப்பியக் கடவுச்சீட்டு கிடைத்தவருக்குச் சந்தை மதிப்பு அதிகம், ஏனென்றால் அவரைச் சேர்த்தால் வெளிநாட்டவர் இடம் ஒன்று காலியாகவே இருக்கும், அதில் இன்னொரு நட்சத்திரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். சூ பேர்டு தன் தந்தையின் யூதப் பின்னணியின் வழியாக இஸ்ரேல் குடியுரிமை பெற்றது இந்தக் கணக்கில்தான். ரஷ்யாவின் ஸ்பார்ட்டாக் கிளப்புக்கு அவர் ஆடும்போது அது உதவியது. அந்தக் கடவுச்சீட்டை அவர் கிளப் வாழ்க்கைக்கு மட்டுமே பயன்படுத்தினார். தேசிய அணி என்று வந்தபோது அவர் அமெரிக்காவுக்கே ஆடி, 2004 முதல் டோக்கியோ வரை ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள் வென்றார். அவரை யாரும் துரோகி என்று சொன்னதில்லை.

ரஷ்யக் குடியுரிமை ஹாமனுக்கும் முதலில் கிளப் அளவில் பயன் தந்தது. உள்நாட்டவராகக் கணக்கிடப்பட்டதால் ஒப்பந்தத்தின் மதிப்பும் கூடியது. அதோடு சேர்ந்து வந்ததுதான் ரஷ்யத் தேசிய அணியில் ஆடும் அழைப்பு. அவர் அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்க வேண்டியிருக்கவில்லை. தானாக விரும்பிக் கைவிட்டால் ஒழிய ஓர் அமெரிக்கரின் குடியுரிமையை அரசு பறிக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1967-இலேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

சட்டப்படி குடிமகளாகிவிட்டால் மட்டும் போதாது, ஃபிபாவின் இரண்டு விதிகளையும் தாண்ட வேண்டும். முதலாவது, பதினேழு வயது நிரம்பிய பின் ஒரு நாட்டுக்காக ஃபிபாவின் முக்கிய அதிகாரபூர்வப் போட்டி ஒன்றில் ஆடிவிட்டால், அந்த நாட்டையே தேர்ந்துகொண்டதாகக் கொள்ளப்படும். பிறகு மாறுவது விதிவிலக்கான சூழலில்தான் முடியும். உலகக் கோப்பையிலோ ஒலிம்பிக்கிலோ அமெரிக்கச் சீருடையை ஹாமன் அணிந்ததே இல்லை. அவரைத் தேர்ந்தெடுக்காமல் விட்ட அமெரிக்கத் தேர்வாளர்களே, ஒரு வகையில், அவருக்கு ரஷ்யாவின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். இரண்டாவது விதி இன்னும் கடுமையானது: பதினாறு வயது நிரம்பிய பிறகு ஒரு நாட்டின் குடியுரிமை பெற்றவர்களில் ஒருவர் மட்டுமே அந்நாட்டுத் தேசிய அணியில் ஒரு போட்டிக்கு இடம்பெறலாம். ரஷ்ய அணியின் அந்த ஒற்றை இடம் ஹாமனுக்குக் கிடைத்தது.

இந்த இரண்டாவது விதியில் இரத்த உறவுக்கு மதிப்பில்லை, கடவுச்சீட்டு கைக்கு வந்த வயதுக்குத்தான் மதிப்பு. மிசூரி பல்கலைக்கழகத்தில் ஆடி, ஆண்கள் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குப் போன கார்டு ஜோர்டான் கிளார்க்சனின் தாய்வழி உறவு பிலிப்பைன்ஸில் இருக்கிறது. ஆனாலும் அந்நாட்டுக் கடவுச்சீட்டைப் பதினாறு வயதுக்கு முன் எடுக்காததால், ஃபிபா அவரை வெளியிலிருந்து வந்தவர் கணக்கிலேயே வைத்திருக்கிறது. 2023 உலகக் கோப்பையில் அவர் பிலிப்பைன்ஸ் அணியின் அந்த ஒற்றை இடத்தில்தான் ஆடினார். கூடைப்பந்தைக் கொண்டாடும் நாடான பிலிப்பைன்ஸின் ரசிகர்களுக்கு இது இன்றும் ஆறாத மனக்குறை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஹாமனின் முடிவை அமெரிக்க அணியின் அப்போதைய பயிற்சியாளர் ஆன் டோனவன் வெளிப்படையாகவே கண்டித்தார். அமெரிக்காவின் உள்நாட்டுப் பகுதியில் வளர்ந்து ரஷ்யச் சீருடை அணிபவரைத் தேசப்பற்று உள்ளவராகத் தன்னால் கருத முடியாது என்ற பொருளில் பேசினார். பனிப்போர் நினைவுகள் முற்றிலும் மறையாத தலைமுறையின் குரல் அது. அரையிறுதியில் அமெரிக்கத் தடுப்பாட்டம் ஹாமனை முழுவதுமாக முடக்கியது. அவர் எடுத்தது மூன்றே புள்ளிகள். ரஷ்யா 52-67 என்று தோற்றது. ஆனால் வெண்கலத்துக்கான ஆட்டத்தில், சொந்த மண்ணில் ஆடிய சீனாவுக்கு எதிராக, அவர் 22 புள்ளிகள் குவிக்க, ரஷ்யா 94-81 என வென்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் அவர் ரஷ்யாவுக்கு ஆடினார். அங்கே வெண்கல ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று அணி நான்காவதாக முடிந்தது.

இதே வழியில் ஹாமனுக்கு முன்பே ஒருவர் சென்றிருந்தார். பிட்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த ஜே.ஆர். ஹோல்டன், பக்னெல் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. லாட்வியா, பெல்ஜியம், கிரீஸ் என்று கிளப் கிளப்பாக அலைந்து, 2002-இல் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவின் ஆண்கள் அணியில் கார்டாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதிபர் புதினின் ஆணை அவரை ரஷ்யக் குடிமகன் ஆக்கியது. 2007 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் மாட்ரிட்டில், ஸ்பெயின் ரசிகர்களுக்கு நடுவே நடந்தது. முடிய இரண்டு வினாடிகள் எஞ்சியிருந்தபோது ஹோல்டன் எறிந்த பந்து வளையத்தில் தட்டி உள்ளே விழ, ரஷ்யா 60-59 என வென்று கோப்பையைப் பெற்றது. அவரைக் குறித்து அமெரிக்காவில் யாரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. என்.பி.ஏ. நட்சத்திரமாக இல்லாதவர் எங்கே போனாலும் யாருக்கும் கவலையில்லை. அமெரிக்காவிலேயே கொண்டாடப்பட்டவர் போனால்தான் உறுத்துகிறது.

இந்திய வாசகர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி, அமெரிக்காவில் பிறந்து அங்கே கல்லூரிக் கூடைப்பந்து ஆடும் இந்திய வம்சாவளிக் கார்டு ஒருவர் இந்தியாவுக்கு ஆடலாமா என்பது. ஃபிபா தடுப்பதற்கு முன் இந்தியச் சட்டமே தடுத்துவிடும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வாழவும் வேலை செய்யவும் உரிமை தருமே தவிர அது குடியுரிமை ஆகாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களே நாட்டின் சார்பில் ஆடலாம் என்பது 2008 முதல் அரசின் கொள்கை. இலங்கை, அனுமதி பெறுவோருக்கு இரட்டைக் குடியுரிமை வழங்குகிறது. ஆகவே அங்கே தடை சட்டத்தில் இல்லை.

2013 ஜூலையில் மறுபடியும் முழங்கால் தசைநார் கிழிந்தபோது, குணமாகும் மாதங்களில் ஹாமன் அதே நகரத்தின் என்.பி.ஏ. அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் பயிற்சிகளிலும் கூட்டங்களிலும் கலந்துகொண்டார். 2014 ஆகஸ்டில் தலைமைப் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் அவரை முழுநேர உதவிப் பயிற்சியாளராக நியமித்தார், என்.பி.ஏ.வில் அப்படிச் சம்பளத்துடன் முழுநேரப் பொறுப்பேற்ற முதல் பெண் அவர். 2020 டிசம்பர் 30 அன்று பாப்போவிச் நடுவரால் வெளியேற்றப்பட்டதும், மீதி ஆட்டத்தை ஹாமன் நடத்தினார். பிறகு டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குத் திரும்பி, லாஸ் வேகாஸ் ஏசஸ் அணியின் பயிற்சியாளராக 2022, 2023, 2025 ஆண்டுகளில் பட்டம் வென்றார். 2023-இல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில், பாப்போவிச்சோடு ஒரே ஆண்டில், அவர் பெயர் சேர்ந்தது. அப்போது ரஷ்யச் சீருடையை ஒரு குறையாக யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஹாமன் போன பாதை இன்று ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது. உக்ரைன் போருக்குப் பின் 2022 மார்ச்சில் ஃபிபா ரஷ்ய அணிகளை விலக்கியது; அதற்கு முந்தைய மாதம் ரஷ்யாவில் கைதான அமெரிக்க நட்சத்திரம் பிரிட்னி கிரைனர் டிசம்பர் வரை சிறையில் இருந்தார். கிரைனரும் யெகாட்டரின்பர்க் நகரக் கிளப்புக்காக, பணத்தின் பொருட்டுக் குளிர்காலத்தில் ஆடப் போனவர்தான். டபிள்யூ.என்.பி.ஏ.வும் வெளிநாட்டுக் கிளப்பிலிருந்து தாமதமாகத் திரும்பும் அனுபவ ஆட்டக்காரர்களுக்கு 2023 முதல் அபராதமும், 2024 முதல் அந்தப் பருவத்துக்குத் தடையும் விதித்தது. 2025 ஜனவரியில் மயாமி நகரில், நஃபீசா காலியர், பிரியானா ஸ்டூவர்ட் என்ற இரு வீராங்கனைகள் தொடங்கிய அன்ரைவல்டு என்ற குளிர்கால லீக், மூவர் மூவராக ஆடும் வடிவத்தில், நல்ல சம்பளத்தோடு அவர்களை உள்நாட்டிலேயே நிறுத்திக்கொள்கிறது. கிளப்புக்காகக் கடவுச்சீட்டு தேடும் தேவை இப்படிப் பெண்கள் ஆட்டத்தில் குறைந்தாலும், தேசிய அணியின் அந்த ஒற்றை இடத்துக்கான தேடல் குறையவில்லை. நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய கார்டு லொரென்சோ பிரௌனுக்கு ஸ்பெயினோடு எந்தத் தொடர்பும் இல்லை. அந்நாட்டுக் கிளப்பில்கூட அதற்கு முன் அவர் ஆடியதில்லை. 2022 ஜூலையில் ஸ்பெயின் அரசு அவருக்குக் குடியுரிமை கொடுத்தபோது அங்குள்ள வீரர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. இரண்டே மாதங்களில், பெர்லினில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிரான்ஸை 88-76 என வீழ்த்தி ஸ்பெயின் ஐரோப்பியப் பட்டத்தை வென்றது. அந்த அணியின் பாயிண்ட் கார்டு அவர்தான்.